என் மகளுக்குப் பேய் பிடித்த வாரம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய மாசி மாதம். சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீடு. அப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்து முடிவு செய்த வாரம் அது. இதை எழுத எடுக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத்தில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் லேடீஸ் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. கொஞ்சம் வாய்க்காரி. இன்றைக்குத் துணியைக் கொடுத்துவிட்டு நாளைக்கே வேண்டும் என்று நிற்பவர்களை நான் பேசுகிற பேச்சுக்குத் தெருவில் எனக்குப் பட்டப்பெயரே உண்டு. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னால் மலையேறினால், இறங்கி வரச் சாயங்காலம் ஆகிவிடும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் வீட்டில் சத்தம் என்றால் ஒன்று தையல் மெஷின், இல்லையென்றால் நான்.

மகள் படித்தது சின்னமனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவளுக்குக் கடைசி வரிசைதான். பிள்ளை உயரம், பின்னால் நிற்கட்டும் என்பார்கள். உயரம்தான் காரணமா, நிறம் காரணமா என்று எனக்குத் தெரியாதா என்ன. முன்வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்த வருஷம் புதிதாக ஒரு டான்ஸ் மிஸ் வந்தார். சின்னப் பெண். அசுரனை அம்மன் வதம் செய்கிற மாதிரி ஒரு நடனம் போடப்போவதாகவும், அதில் என் மகள்தான் அம்மன் என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் பள்ளி வேனிலிருந்து இறங்கி ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலும் இன்னொன்று என் மெஷினுக்கு அடியிலும் கிடந்தது. "நடுவுல நான்தாம்மா. நடுவுல" என்று அதையே பத்துத் தடவை சொன்னாள். வாடகை டிரெஸ் எல்லாம் வேண்டாம், நானே தைத்துத் தருகிறேன் என்று பள்ளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிவப்புத் துணி எடுத்து, ஜரிகை பார்டர் வைத்து, விசிறி மடிப்பை மட்டும் மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

அந்த மிஸ் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நீளமான அறிவுரை போட்டார். மேடை ஏறுகிற பிள்ளைகள் வீட்டில் எப்படிப் பழக வேண்டும் என்று. தினமும் அரை மணி நேரம் தனியாக நின்று ஆடிப் பார்க்கணும். அம்மன், அசுரன் வேஷம் போடுகிறவர்கள் கண்ணை இமைக்காமல் பார்க்கப் பழகணும். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, திரும்பினால் மேடையிலும் திரும்புவீர்கள். சாமி வேஷம் கட்டுகிற பிள்ளை விழா முடியும்வரை கறி, மீன் சாப்பிடாமல் இருந்தால் நல்லது. கீழே விழுகிற காட்சி இருந்தால் முதலில் முழங்காலை மடக்கி, பிறகு தோள்பட்டையைக் கொடுத்து விழுங்கள், தலை தரையில் படக் கூடாது. என் மகள் இதை ஒரு பேப்பரில் எழுதி பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். கணக்குப் பாடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது ஒரு கதைப் புத்தகப் பைத்தியம். வகுப்புத் தோழி இரவல் கொடுத்த இங்கிலீஷ் புத்தகம், செங்கல் தண்டிக்கு இருக்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அசுரர்களை வேட்டையாடுகிறாள். அந்த அசுரர்களுக்குக் கொம்பும் கிடையாது, கோரைப்பல்லும் கிடையாது. மனுஷர் உடம்புக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் தரையில் உப்பால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று, புரியாத பாஷையில் சில வார்த்தைகளைச் சொன்னால் அசுரன் வெளியே வந்துவிடுவான். நான் ஹூக் கட்டிக்கொண்டும் காஜா எடுத்துக்கொண்டும் இருக்கும்போது என் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதைத் தமிழில் கதையாகச் சொல்வாள். அதில் ஒரு இடத்தில் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் ஆட்ட விழா வருகிறது. பையனும் பெண்ணும் ஜோடியாக ஆடுவார்களாம், வாத்தியார் ஓரமாக நின்று ஜூஸ் ஊற்றிக் கொடுப்பாராம். இங்கே இரண்டு பேரையும் ஒரே பாட்டுக்கு மேடையேற்றினாலே மறுநாள் பெற்றோர் கூட்டம் கூட்டிவிடுவார்கள். நான் சிரித்தேன். அந்தப் பெண்ணுக்கு ஆடத் தெரியாது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் ஆடு என்று அவள் தோழி யோசனை சொல்கிறாள். என் மகளுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. மந்திர வார்த்தைகளையும் மனப்பாடம் செய்துவிட்டாள். அம்மன் ஆட்டத்துக்கு வீரம் வரவேண்டும் என்று, பழகும்போது அதையே சொல்லிக்கொண்டு ஆடினாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்று விடாமல் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆண்டு விழா சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோம்பையிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். என் மாமியார் சீக்கிரமே தவறிவிட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். என்னைப் பெண் பார்த்து முடிவு செய்ததும் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தெருவையே ஒரு வாய் பார்க்கிற நான், அவர் முன்னால் மட்டும் பதினைந்து வருஷமாக வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மருமகள் என்று ஒரு பெயர் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு ஆசை. அந்தப் பெயரை வாங்கி எந்த அலமாரியில் வைக்கப் போகிறேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மதினி தூக்குவாளியில் ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டு வந்திருந்தார். மகள் சாப்பாட்டில் அதைத் தொடவில்லை. "வேணாம் அத்தை, விரதம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மதினி கை கழுவக் கொல்லைக்குப் போனார். அங்கே முருங்கை மரத்தடியில் தரையில் கல் உப்பு வட்டம். அதற்குள் என் மகள், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கையில் ஒரு தென்னை மட்டையோடு, கண்ணை உருட்டி நிறுத்திக்கொண்டு நிற்கிறாள். வாயில் என்னவோ புரியாத வார்த்தைகள். மதினி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்றுதான் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தாளே.

மதினி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டாள். நான் ஊசியும் கையுமாக ஓடினேன். அதற்குள் மகள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, பயந்து போய், "பிராக்டிஸ் அத்தை, பிராக்டிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் காதில் விழுந்தது.

"மதினி, அது டான்ஸ் பிராக்டிஸ். அந்த வார்த்தையெல்லாம் ஒரு கதைப் புக்குல வர்றது" என்றேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் குரலில் சொன்னேன் என்பது எனக்கல்லவா தெரியும். கடனே என்று, உதட்டளவில்.

"புக்குல வர்றதுன்னா கண்ணு ஏன் இமைக்க மாட்டேங்குது? கறியைக் கண்டு ஏன் ஓடுறா? வாய்க்காப் பக்கம் தனியாப் போயிட்டு வந்தவதானே. பொம்பளப் பிள்ளைய வளக்குற லட்சணமாத்தா இது? நாளைக்கு நாலு பேரு வந்து கேட்டாகன்னா நான் என்ன பதில் சொல்ல?"

அந்த வாய்க்காலில் எப்போதோ ஒரு பெண் விழுந்து இறந்து போயிருக்கிறாள். அவள் இறந்தபோது என் மகள் பிறக்கவே இல்லை. மதினிக்கு அது போதும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஏழெட்டுப் போன் போட்டார். சாயங்காலம் வீட்டுக்காரர் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கும்போதே விஷயம் அவருக்கு மூன்று பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தது. அடிவாரத்து ஊர் ஒன்றில் பேய் ஓட்டுகிற கோடாங்கி இருக்கிறார், செவ்வாய்க்கிழமை பார்ப்பார், கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாகிவிட்டது. நான் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா மனசு ஆறட்டும். ஒரு தடவை போயிட்டு வந்துருவோம். அதோட முடிஞ்சு போகும்" என்றார். ஒரு தடவைதானே என்று எனக்கும் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷத்தைத்தான் இப்போது போட்டு மிதிக்க வேண்டும் போல இருக்கிறது.

இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தையும் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் மகளிடம், "ஆண்டு விழா நல்லபடியா நடக்கணும்ல, கோயிலுக்குப் போயி விபூதி வாங்கிட்டு வருவோம்" என்று சொன்னேன். அவள் சந்தோஷமாக ஜீப்பில் ஏறினாள். சலங்கையை எடுத்து வந்து சாமி காலில் வைத்து வாங்கலாமா என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன்.

நல்ல உச்சி வெயில். புளியமரத்தடியில் இருபது முப்பது பேர். கோடாங்கி உடுக்கையை எடுத்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் அவளை எதிரில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றினார். வேப்பங்குழையால் முகத்திலும் முதுகிலும் அடித்தார். "யாரு நீ? எங்கன இருந்து வந்த? பேரைச் சொல்லு" என்று காதருகில் உடுக்கையை அடித்துக்கொண்டே கேட்டார்.

என் மகள் தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரைச் சொன்னாள். "ஒன்பதாம் வகுப்பு, பி செக்‌ஷன்" என்றாள்.

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கோடாங்கி, "அது அப்படித்தான் ஏமாத்தும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழையை ஓங்கினார். அப்போது அவள் என்னைப் பார்த்து, "அம்மா, நீ சொல்லும்மா. அது புக்குல வர்றதுன்னு சொல்லும்மா. உனக்குத் தெரியும்ல" என்றாள்.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். ரொம்ப அழுத்தம்கூட இல்லை, உதறினால் விட்டிருப்பார். நான் உதறவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் அதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு அவசரப்படுத்தினால் ஊரையே கூட்டுகிறவள், பெற்ற பிள்ளை நடுக்கூட்டத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்து, சொல்லும்மா என்று கேட்கும்போது பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நின்றாள். முடியை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். கண்ணை நிறுத்தினாள், இமைக்கவே இல்லை. அந்தப் புத்தகத்தில் வருகிற ஒரு அசுரனின் பெயரைச் சொல்லி, அடித்தொண்டையில், "நான் மலை தாண்டி வந்தவன். இந்தப் பிள்ளைய விட்டுட்டுப் போறேன். போயிடுறேன்" என்றாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. கோடாங்கிக்கே முகம் மாறிவிட்டது. அவர் அவசரமாக அவள் உச்சியில் ஒரு கொத்து முடியைப் பிடித்து அறுத்து, அதை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அடித்தார். ஆணி இறங்கி முடிந்ததும் என் மகள் கீழே விழுந்தாள். முதலில் முழங்கால் மடங்கியது. பிறகு தோள்பட்டை. தலை தரையில் படவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடி அறுபட்ட இடத்தில் கையே வைக்கவில்லை. பாதி தூரம் வந்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லா நடிச்சேனாம்மா?" என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. சுவருக்கு மேல் தலை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரியின் மகளும் அதே பள்ளி, அதே நடனம். விஷயம் அந்த வழியாகப் பள்ளிக்குப் போய்விட்டது. மறுநாள் புதன்கிழமை மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. அம்மன் வேஷத்துக்கு வேறு பிள்ளையைப் போட்டிருக்கிறோம், தைத்த உடுப்பைக் கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள் என்றார்கள்.

அப்போது வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். இத்தனை வருஷமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. மெஷினில் இருந்த ஜாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை அறையில் டான்ஸ் மிஸ்ஸும் இருந்தார். என் மகளையும் வரச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். நான் போனை எடுத்து மிஸ் போட்டிருந்த அறிவுரையை வரி வரியாகச் சத்தமாக வாசித்தேன். "கண்ணை இமைக்காதேன்னு சொன்னது யாரு? கறி திங்காதேன்னு சொன்னது யாரு? கூப்பிட்டாத் திரும்பாதேன்னு சொன்னது யாரு? நீங்க சொன்னதைச் செஞ்ச பிள்ளைக்குப் பேய்ப் பட்டமா?" என்று கேட்டேன். டான்ஸ் மிஸ்ஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெளியே இரண்டு டீச்சர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நல்லா பார்க்கட்டும் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

தலைமை ஆசிரியை ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மூச்சு வாங்கின இடத்தில் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேய் இல்லைன்னு உங்களுக்கு இவ்வளவு தெளிவாத் தெரியுதே, அப்புறம் எதுக்கும்மா கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனீங்க?"

என் மகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொல்லப் போகிறேன் என்று. நான் தரையைப் பார்த்தேன்.

அவரே தொடர்ந்தார். மற்ற பெற்றோர் பயப்படுகிறார்கள், காலையிலிருந்து போன் மேல் போன் வருகிறது என்றார். அம்மன் தலைவிரி கோலத்தில் வரவேண்டும், உச்சியில் முடியை வேறு வெட்டிவிட்டீர்கள் என்றார். பிறகு ஏதோ பெரிய சலுகை தருகிற மாதிரி, "வேணும்னா அசுரன் வேஷம் கட்டட்டும். முகமூடி இருக்கு, முடி தெரியாது" என்றார்.

என் பிள்ளைக்கு அசுரன் வேஷமா, ஒன்றும் வேண்டாம், வா வீட்டுக்கு என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "நான் கட்டுறேன் மிஸ்" என்றாள். என்னிடம் திரும்பி, "எனக்கு ஆடணும்மா" என்று மட்டும் சொன்னாள்.

சிவப்பு உடுப்பை அந்த இன்னொரு பிள்ளைக்காக இடுப்பில் இரண்டு இஞ்ச் பிடித்துத் தைத்தவளும் நான்தான். இரண்டே நாளில் கறுப்புத் துணி வாங்கி அசுரனுக்கு உடுப்புத் தைத்தேன். மகள் அளவு கொடுக்க வந்து நின்றாள், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், திரும்பச் சொன்னால் திரும்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்தில் மேடை. மதினி கோம்பையிலிருந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, எங்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. அம்மனாக வந்த பிள்ளை பாவம், பயத்தில் கீழேயே பார்த்துக்கொண்டு ஆடினாள். முகமூடிக்குள் என் மகள் ஆடின ஆட்டத்தை நான் என்ன சொல்ல. குதித்தாள் என்றால் மேடைப் பலகை அதிர்ந்தது. அம்மனுக்கு அடி மறந்து போன இடத்தில் அசுரன் சுற்றி வந்து காதில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். கடைசியில் சூலம் பட்டு அசுரன் விழுந்தான். முழங்கால், தோள்பட்டை. ஐந்து நாளில் அப்படி அவள் விழுவதை இரண்டாம் தடவையாகப் பார்க்கிறேன். மைதானமே கை தட்டியது.

மதினி என் பக்கம் சாய்ந்து, "பாத்தியாத்தா, எம்புட்டுத் தெளிவா ஆடுறா. கோடாங்கி ஓட்டிவிட்டாகல்ல, இப்பத்தான் பிள்ள பிள்ளையா இருக்கா" என்றார். கையையும் என் கை மேல் வைத்தார்.

நான் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எழுந்து நின்றேன். "அவளுக்குப் பேயே பிடிக்கல மதினி. அன்னைக்கே எனக்குத் தெரியும். அந்தப் புக்கு முழுக்க எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உங்க வாய்க்குப் பயந்து எம்பிள்ளைய அடி வாங்க விட்டேன். அவ அன்னைக்கும் நடிச்சா, இன்னைக்கும் நடிக்கிறா. பேயி பிடிச்சிருந்தது நமக்குத்தான்" என்றேன். பாட்டு நின்றுபோயிருந்ததால் நாலு வரிசைக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள், தலைமை ஆசிரியை திரும்பிப் பார்த்தார். மதினி எழுந்து போய்விட்டார். வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து உட்காரச் சொல்லவில்லை. அவரும் எழுந்து நின்றார், அது ஒன்றுதான் அவரிடம் நான் அந்த வாரத்தில் கண்ட நல்ல காரியம்.

சொல்லிவிட்டோம், பிள்ளைக்காகப் பேசிவிட்டோம் என்று ஓட்டமும் நடையுமாக மேடைக்குப் பின்னால் போனேன். அவள் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணைச் சுற்றித் தீட்டியிருந்த மையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று உடுப்பின் பின்களைக் கழற்றிக்கொண்டே, "அத்தைகிட்டச் சொல்லிட்டேன்த்தா. எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. கோபமும் படவில்லை. "அங்கன சொல்லியிருக்கணும்மா" என்றாள்.

அதற்கப்புறம் முடி வளர்ந்துவிட்டது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிக்கு மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், என்னிடம் இல்லை, அவள் அப்பாவிடம். மதினி ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டில் தானாக வந்து பேசினார். நானும் பேசுகிறேன். கோடாங்கி மேலும் பள்ளி மேலும் இருந்த கோபம்கூட நாளாக நாளாகத் தேய்ந்துவிட்டது. என் மேல் இருக்கிற கோபத்தை மட்டும் நான் ஆறவிடப் போவதில்லை, ஏனென்றால் அது ஆறிவிட்டால் என் பிள்ளை இன்னொரு தடவை என்னைப் பார்த்து "நீ சொல்லும்மா" என்று கேட்கும்போதும் நான் பேசாமல் நின்றுவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.